தந்தை கையொப்பம்

பி.பி.ஏ. துறைமுக மேலாண்மை என்ற படிப்பு எங்கள் கல்லூரியில் ஆறு மாதம் இருந்தது. இருந்தது என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். விளம்பரத் தாளில் இருந்தது, வகுப்பறைக் கதவில் ஒட்டிய காகிதத்தில் இருந்தது, பல்கலைக்கழகத்தின் பட்டியலில் மட்டும் ஒருநாளும் இருக்கவில்லை. டிசம்பரில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டி, சேர்ந்த பதினோரு பிள்ளைகளையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வருடம் போனது போனதுதான். அந்தப் பதினோரு பேரில் நான்கு பேரைக் கொண்டுவந்து சேர்த்தவள் நான். அதில் ஒருத்தியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். மற்ற மூவரைப் பற்றி எழுதும் தைரியம் இன்னும் வரவில்லை.

நான் வில்லியனூர் சாலையில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் துறை ஆசிரியை. மே மாதம் எங்கள் மாணவர்களுக்கு விடுமுறை, எங்களுக்குப் பிள்ளை பிடிக்கிற வேலை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஸ்டாஃப் ரூமில் அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயரே அதுதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் எங்கிருந்தோ வரும். எங்கிருந்து என்று கேட்கக் கூடாது. ஆளுக்குப் பன்னிரண்டு பேரைச் சேர்க்க வேண்டும். நான் சேர்ந்து மூன்றாவது வருடம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பன்னிரண்டு சேர்த்தால் ஆர்டர் கையில் வரும் என்று தாளாளர் என்னை நிற்க வைத்தே சொன்னார். அந்த மே மாதம் நான் பார்த்த பிள்ளைகள் யாரும் என் கண்ணுக்குப் பிள்ளைகளாகத் தெரியவில்லை, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணாகத்தான் தெரிந்தார்கள்.

மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் கடற்கரை ஊர்களை முடித்துவிட வேண்டும் என்பார் துறைத் தலைவர். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும் அந்த இரண்டு மாதமும் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். அப்பா இருக்கிற வீட்டில் ஒரே நடையில் கையெழுத்து வாங்கிவிடலாம். அம்மா மட்டும் இருக்கிற வீட்டில் "அவரு வரட்டும்" என்று நாலு தடவை அலைய விடுவார்கள். இதெல்லாம் எங்கள் தொழில் நுட்பம். எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடையாது.

அப்படித்தான் பிள்ளைச்சாவடிக்குப் போனேன். பகல் ஒரு மணி. தெருவின் கடைசி இரண்டு வீடுகளைக் கடல் எடுத்துவிட்டிருந்தது, மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் அலை மோதுகிற சத்தம் ஸ்கூட்டியை நிறுத்தியபோதே காலில் தெரிந்தது. நான் தேடிப் போன வீட்டிலிருந்து கல் வரிசை இருபது அடி இருக்கும். விளம்பரத் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அந்த வீட்டுப் பெண் அரசுக் கல்லூரியில் பி.காம். கேட்டு ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தாள். கணக்குப் பதிவியலில் அருமையான மதிப்பெண். சேர்க்கைப் பட்டியல் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை கையில் ஒரு இடம் இருப்பது நல்லதுதானே என்று ஆரம்பித்தேன். பி.காம். என்றால் கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டும், பி.பி.ஏ. என்றால் நிர்வாகம், அதிலும் துறைமுக மேலாண்மை என்றால் படித்து முடிக்கும்போது கப்பல் கம்பெனிக்காரர்கள் வாசலில் நிற்பார்கள் என்று வாய் வலிக்கப் பேசினேன். விளம்பரத் தாளில் பெரிய கிரேன் படம் இருந்தது. அது எந்த ஊர்க் கிரேன் என்று எனக்கே தெரியாது.

அவளுடைய அப்பா தேங்காய்த்திட்டிலிருந்து கிளம்பும் விசைப்படகில் வேலை பார்ப்பவர். அதிகம் பேசாதவர். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உப்பளத்துப் பழைய துறைமுகத்தில் கப்பலைப் பார்த்து எத்தனை காலம் ஆகிறது, இது எந்தத் துறைமுகத்துக்கான படிப்பு என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நியாயமான கேள்விதான், அதனால்தான் கோபம். இந்தியா முழுக்கத் துறைமுகம் இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். மகள் தன் பங்குக்கு, பி.காம். படித்தால் சி.ஏ. எழுதலாம் என்று பள்ளி ஆசிரியை சொன்னார், இதைப் படித்தால் என்ன எழுதலாம் என்றாள். சிரித்துச் சமாளித்தேன்.

அவளுடைய அம்மா சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலைக்குப் போகிறவர். அன்றைக்கு வார விடுமுறை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"கவருமெண்ட் காலேஜு லிஸ்ட்டுல பேரு வந்துச்சின்னா, பேப்பரைத் திருப்பிக் குடுத்துடுவீங்கல்ல மிஸ்?"

"நீங்க வந்து கேட்டா அன்னிக்கே குடுத்துடுவாங்கக்கா" என்றேன். சொன்னபோது அது பொய் இல்லை. அப்படி ஒரு நாள் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் தந்தை கையொப்பம், தாய் கையொப்பம் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று போதும். அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவுக்குக் கையை நீட்டினார். பக்கத்துத் தெருவில் எனக்கு இன்னொரு வீடு பாக்கி இருந்தது. "அப்பா போட்டா போதும்க்கா" என்று தாளை அப்பா பக்கம் திருப்பினேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு முடித்தார். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஒரிஜினலாக வாங்கி உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பக்கத்துத் தெரு வீட்டில் ஆள் சிக்கவில்லை. அவள்தான் எனக்குப் பன்னிரண்டாவது, கடைசி.

தனியார் கல்லூரிகள் வகுப்பைச் சீக்கிரம் தொடங்கிவிடும். பிள்ளைகள் வேறு பக்கம் திரும்புவதற்குள் நாற்காலியில் உட்கார வைத்துவிட வேண்டுமே. துறைமுக மேலாண்மைக்கு இரண்டாம் மாடியில் கடைசி அறையைக் கொடுத்தார்கள். பெரிய அறை, பதினோரு பேர். பேசினால் எதிரொலிக்கும். கால அட்டவணையில் மற்ற வகுப்புகளுக்குப் பாடக் குறியீட்டு எண் இருக்கும், இதற்கு அந்த இடம் காலி. பாடத்திட்டம் கேட்டு இந்தப் பெண் இரண்டு முறை வந்தாள். வேறு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பாடத்திட்டத்தை இணையத்திலிருந்து எடுத்து, மேலே இருந்த பெயரை மறைத்து ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். அவள் அதற்கு அட்டை போட்டு வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் வராந்தாவில் துறைத் தலைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம். அனுமதிக்கான விண்ணப்பத்தைக் குறைகளைச் சுட்டித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மறுபடி அனுப்பலாம், வந்துவிடும், பிள்ளைகள் காதுக்குப் போக வேண்டாம் என்றார். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த மாடிப்படி ஏறும்போதெல்லாம் அந்த மடித்த கடிதம் நினைவுக்கு வரும். ஆனாலும் ஏறினேன். தினம் ஏறினேன்.

அரசுக் கல்லூரியின் இரண்டாவது பட்டியலில் அவள் பெயர் வந்துவிட்டது. பி.காம். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களோடு போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. அவள் முதலில் ஓடிவந்து சொன்னது என்னிடம்தான். முகமெல்லாம் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆர்டர் இன்னும் கைக்கு வரவில்லை, அதற்குள் பன்னிரண்டு பதினொன்றாகிறதே என்று உள்ளுக்குள் ஒரு பயம் எட்டிப் பார்த்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

மறுநாள் காலையில் அம்மா அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். ஆபீஸ் கண்காணிப்பாளர் விண்ணப்பத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்களோ அவர்கள் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. பிரிந்து வாழ்கிற ஒரு வீட்டில் அம்மா வந்து பேப்பரை வாங்கிப் போய், மறுவாரம் அப்பா வந்து ஆபீஸையே ரெண்டாக்கிவிட்டார், அதிலிருந்து இந்த விதி. அப்பா எங்கே என்று கேட்டார்.

தடைக்காலம் முடிந்து படகுகள் போய்விட்டிருந்தன. அப்பா கிளம்பி மூன்று நாள். போன் எட்டாது. நாளைக்கு வரலாம், காற்றைப் பார்த்து நாளை மறுநாளும் ஆகலாம்.

"நான் அம்மாதான சார்" என்றார் அவர். கண்காணிப்பாளர் காலியாக இருந்த தாய் கட்டத்தை விரலால் காட்டினார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது கண்காணிப்பாளரே ஒரு வழி சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அப்பா கையெழுத்துப் போட்ட ஒரு லெட்டர் இருந்தால் போதும். என் முன்னால் போட்டார் என்று நான் பக்கத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்தால், பீரோவைத் திறந்து கொடுத்துவிடுவார். சொல்லிவிட்டு வேறு ஃபைலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

அம்மா என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். "அவரு பேரை நானே போட்டுடறேன் மிஸ். வந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நீங்க பக்கத்துல ஒரு வரி மட்டும் எழுதிக் குடுங்க."

கல்லூரிப் பக்கமே வராத பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு போட்டிருக்கிறேன். எழுதாத உள்தேர்வுக்கு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். ஒரு வருடத்தில் என் கை போட்ட பொய்களை அடுக்கினால் ஒரு ரெஜிஸ்டர் நிறையும். அந்தக் கைக்கு அன்றைக்கு மட்டும் நேர்மை வந்துவிட்டது.

"அது தப்புக்கா. நாளைக்கு மாட்டினா உங்க பொண்ணுக்குத்தான் பிரச்சினை" என்றேன்.

நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியும் என்றார் அவர். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே நம்பித்தான் சொன்னார். எனக்குக் குத்தியது.

அம்மா மாலைவரை ஆபீஸ் வாசல் பெஞ்சிலேயே இருந்தார். அரைநாள் லீவு முழுநாளானது. படகு முதலாளிக்கு, அவர் மகனுக்கு, துறைமுகத்தில் தெரிந்தவர்களுக்கு என்று போன் போட்டுக்கொண்டே இருந்தார். வயர்லெஸ்ஸில் படகு கிடைத்தது, ஆனால் வயர்லெஸ்ஸில் கையெழுத்துப் போட முடியாது. மகள் அரசுக் கல்லூரிக்குப் போய் ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டாள். கேட்டுப் பார்த்துச் சொல்கிறோம் என்று உட்கார வைத்தார்கள். பட்டியலில் அடுத்து இருந்த பையனும் அவன் அப்பாவும் அதே வரிசையில், சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்களாம். அதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். நான் இரண்டு முறை பெஞ்சைத் தாண்டி வகுப்புக்குப் போனேன், இரண்டு முறையும் அந்த அம்மா எனக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார். மூன்றாவது முறை பின்பக்கப் படிக்கட்டில் போனேன்.

ஐந்தே முக்காலுக்கு, புத்தகப் பையை எடுக்க அவள் கடைசி அறைக்கு வந்தாள். நான் அங்கே விடைத்தாள் கட்டிக்கொண்டிருந்தேன். இடம் போய்விட்டது என்றாள். அழவில்லை. அந்தக் கணத்தில் எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. பன்னிரண்டு பன்னிரண்டாகவே நின்றுவிட்டது. என் முகத்தில் அது தெரிந்திருக்குமோ என்று இப்போது எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

அம்மா கீழே காத்திருந்தார். அவள் வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள்.

"மிஸ், நம்ம கோர்ஸுக்கு யுனிவர்சிட்டி அனுமதி வந்துடுச்சில்ல?"

அடுத்த அரசுக் கல்லூரிக்கு, மாலை நேரக் கல்லூரிக்கு, தொலைதூரப் படிப்புக்கு இன்னும் கதவு மூடவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அப்பா கரைக்கு வந்ததும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, அவள் எங்கேயாவது ஒழுங்காகச் சேர்ந்திருப்பாள்.

"வந்துடுச்சிம்மா" என்றேன்.

தேங்க்ஸ் மிஸ் என்றாள். பிறகு, நாளைக்கு முதல் வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு போனாள்.