ஒழுங்கை முடக்கில் ஒரு தூண்

பைபர் கேபிள் எங்கள் பெரிய வீதிக்கு வந்த அன்று அசர் தொழுகைக்கு நான் பிந்திவிட்டேன். சாய்ந்தமருதில் என் மனைவி வீட்டுக்குப் போகிற ஒடுக்கமான ஒழுங்கை அந்த வீதியில்தான் போய் ஏறுகிறது. லொறியிலிருந்து கறுப்புக் கேபிள் சுருளை இறக்கி, ஏணி வைத்து, தூண் தூணாக இழுத்துக்கொண்டு போனார்கள். மீன் விற்கிறவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வேலையைக் கவனித்தார். நான் மட்டும் முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்றேன். தேத்தண்ணிக் கடையில் இருந்த ஒருவர், "என்ன மச்சான், பொண்ணு பாக்க வந்த மாதிரி நிக்கிறீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரிக்க நானும் சிரித்தேன். சிரிக்கிற நிலையில் நான் இருக்கவில்லை.

கட்டாரில் ஏழு வருடம் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் வரைந்தவன் நான். கொங்கிறீற்றுக்குள் போகிற கம்பி எங்கே வளைய வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்று காட்டுகிற படங்கள். மகள் பிறந்தபோது நான் அங்கே. அவள் நடக்கத் தொடங்கியபோதும் அங்கே. அவளுக்கு மூன்று வயதானபோது போதும் என்று ஒரேயடியாக வந்துவிட்டேன். வந்த முதல் இரண்டு கிழமையும் என்னை அவளுக்குப் பிடிக்கவேயில்லை. சோறு ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொள்வாள். தூக்கினால் உடம்பை விறைத்துக்கொள்வாள். என் பக்கத்தில் படுத்து உறங்க அவளுக்கு நாலு மாதம் எடுத்தது. அந்த நாலு மாதத்தை இன்னொரு தடவை தாங்க என்னால் முடியாது. அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

என் பழைய பொறியியலாளர் நல்ல மனிதர். வீட்டில் இருந்தே வரைந்து அனுப்பலாம், பின்னேரக் கூட்டத்தில் மட்டும் படத்தைத் திரையில் காட்டி விளங்கப்படுத்தினால் போதும் என்றார். வரைவது பிரச்சினையில்லை. பின்னேரம்தான் பிரச்சினை. எங்கள் பகுதியில் வீட்டோடு வீடு ஒட்டியிருக்கிறது. பள்ளிக்கூடம், ரியூசன் எல்லாம் விட்டு ஊர்ப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து போனைக் கையில் எடுத்தால் சிக்னல் படுத்துவிடும். நான் ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தாங்கியின் நிழலில் குந்துவேன். ஒரு கம்பியைப் பற்றி நான் சொல்லி முடிக்கும்போது அவர்கள் அடுத்த படத்துக்குப் போயிருப்பார்கள். இரண்டு தடவை என் திருத்தம் நேரத்துக்குப் போய்ச் சேராமல் பழைய படத்தை வைத்துக் கம்பியை வெட்டிவிட்டார்கள். பொறியியலாளர் ஏசவில்லை. ஏசியிருந்தால் மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நோன்புப் பெருநாளைக்குள் ஒழுங்கான லைன் எடு, இல்லாவிட்டால் இங்கே வந்துவிடு, அதற்குமேல் உன் இடத்தைப் பிடித்து வைக்க முடியாது என்று மட்டும் சொன்னார்.

லைனுக்கு எழுதிக் கொடுத்தேன். அளந்து பார்க்க ஒருவர் வந்தார். ஒழுங்கை நடுவில் வளைந்து முடங்குகிறது, முடக்கில் ஒரு தூண் நட்டால்தான் கேபிள் உங்கள் வீட்டுக்கு வரும் என்றார். அதோடு, இந்த ஒழுங்கை மாநகர சபையின் பாதையல்ல, தனியார் காணி, காணிக்காரர் கையெழுத்து வைத்தால்தான் தூண் நடலாம் என்று ஒரு படிவத்தையும் தந்துவிட்டுப் போனார்.

எங்கள் பக்கம் வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண் பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். நானும் மருதமுனையிலிருந்து ஒரு சூட்கேசோடு வந்தவன்தான். என் மாமி தன் வளவை இரண்டாகப் பிரித்து, வீதிப் பக்கத்தை மூத்த மகளுக்கும் பின்பக்கத்தை இளைய மகளான என் மனைவிக்கும் எழுதினார். பின்வளவுக்குப் போக வழி வேண்டுமே என்று மூத்தவரின் பங்கில் ஒரு ஓரத்தை ஒழுங்கையாக விட்டார்கள். என் மனைவி ராத்தா என்று கூப்பிடுகிற அந்த மூத்தவரைத்தான் நான் மதினி என்று கூப்பிடுவேன். காணி உறுதிப் பத்திரத்தின்படி ஒழுங்கை முழுவதும் மதினியின் காணி.

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் மதினியின் மாப்பிள்ளையைப் பிடித்தேன். என் சகலன். வயதில் மூத்தவர் என்பதால் காக்கா என்று கூப்பிடுவேன். "ஒரு தூண்தானே, இதுக்கென்ன," என்று சொல்லி, மோட்டார் சைக்கிள் சீற்றின் மேலே படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து சந்தோசமாகக் காட்டினேன். மனைவியின் முகம் மாறியது.

"ராத்தாட்ட கேக்கல்லயா?"

"ரெண்டும் ஒண்டுதானே," என்றேன்.

ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். என் வாப்பா உம்மாவின் வீட்டில் நாற்பது வருடம் இருந்தவர். உம்மாவைக் கேட்காமல் அந்த வளவில் ஒரு தென்னம்பிள்ளை நட்டதில்லை. நான் அதைப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் ஆண் ஆணோடு பேசி முடிப்பது சுகமாக இருந்தது. மதினியின் வாசலில் போய் நின்று கேட்க ஒரு மாதிரியாக இருந்தது. இதைவிட வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

நோன்புக்குச் சில நாள் முன்னர், காலையில் ஆட்கள் வந்து முடக்கில் இரும்பு அலவாங்கைப் போட்டுக் குழி கிண்டத் தொடங்கினார்கள். முழங்கால் ஆழம் போயிருக்கும். மதினி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேற்றைத் திறந்து வந்தார்.

"ஆரக் கேட்டுக் கிண்டுறீங்க?"

வேலையாட்களின் தலைவர் படிவத்தை நீட்டினார். மதினி அதை ஆறுதலாக வாசித்தார்.

"இது என்ட மாப்பிள்ளைட கையெழுத்து. காணி என்ட."

பிறகு என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "தம்பி, இந்த வழிய உம்மா என்ட பங்குலதான் எடுத்தவ. அண்டைக்கும் என்னை ஒருத்தரும் கேக்கல்ல. இண்டைக்கு நீங்களும் கேக்கல்ல."

அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காக்கா சம்மதிச்சவர்தானே மதினி," என்றேன்.

"அவரும் இந்த வளவுக்கு வந்தவர். நீங்களும் வந்தவர்," என்றார் மதினி.

ஆட்கள் குழியை மூடி, காலால் மிதித்துவிட்டு, லொறியில் ஏறிப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. மனைவி ஒவ்வொரு நாளும், "ஒருக்காப் போய் மாப்புக் கேளுங்க, ராத்தா அப்படிப்பட்ட ஆள் இல்ல," என்றாள். ஒழுங்கையில் நாலு பேருக்கு முன்னால் என்னைக் கேவலப்படுத்தினவரிடம் நான் ஏன் போக வேண்டும் என்று மூக்குப் புடைத்துக்கொண்டு இருந்தேன். லைன் வராவிட்டால் நான் கட்டாருக்குத் திரும்ப வேண்டும் என்ற கதையை மதினியிடம் சொல்லவே கூடாது என்று மனைவியையும் தடுத்துவைத்தேன். இரக்கம் தேடித் தூணுக்கு இடம் வாங்கினவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று அப்போது பெரிதாகத் தோன்றியது.

நோன்பு தொடங்கியது. மதினி வீட்டிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் நோன்பு திறக்க ஒரு மூடிய கோப்பையில் சாப்பாடு வழமைபோல வந்தது. ஒரு நாள்கூட நிற்கவில்லை. மகள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒழுங்கையால் நடந்து வருவாள். மனைவியும் மகளும் சாப்பிடுவார்கள். நான் கை வைக்கமாட்டேன். நோன்பு வாயோடு மாடியில் குந்தி, உடைந்து உடைந்து வருகிற குரல்களுக்கு ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு இறங்கி வருவேன். ஒரு நாள் கூட்டத்தில் என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் இடத்தில் வேறொருவர் படத்தை விளங்கப்படுத்துவது மட்டும் தெரிந்தது.

அப்படியே ஐந்து கிழமை போனது. பெருநாளைக்கு மூன்று நாள் இருக்கும்போது பொறியியலாளர் விசாவுக்குரிய பத்திரங்களை அனுப்பிவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் என் மூக்கு கீழே இறங்கியது. அசருக்குப் பிறகு மதினியின் குசினி வாசலில் போய் நின்றேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"மதினி, நான் பிழ விட்டுட்டன். ஒங்களத்தான் கேட்டிருக்கணும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "பேப்பரத் தாங்க," என்றார். மதிலில் வைத்து நிதானமாகத் தன் முழுப் பெயரையும் எழுதினார். நான் படிவத்தை வாங்கிக்கொண்டு, இனியாவது தூண் வந்தால் கட்டாருக்குப் போகாமல் தப்பலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

மதினி அப்படியே நின்றார். "போறதா? எங்க போற?"

சொன்னேன்.

"எனக்கு இத ஒருத்தரும் செல்லல்லயே தம்பி," என்றார். குசினி வாசலிலேயே குந்திவிட்டார். "அந்தப் புள்ளைட தகப்பன அனுப்புறத்துக்கா நான் ஒரு குழிய மறிச்ச? எனக்குத் தெரிஞ்சிருந்தா அண்டைக்கே நட உட்டிருப்பனே." முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார். தன் மேல் பிழை இல்லாத ஒருவரை அழவைத்துவிட்டு, கையெழுத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

ஆட்கள் அக்கரைப்பற்றுப் பக்கம் போய்விட்டார்கள், பெருநாள் லீவும் வருகிறது, திரும்ப எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது என்றார்கள் கேபிள் கம்பனிக் கந்தோரில். மதினி தன் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் அவர்களோடு சண்டை பிடித்துப் பார்த்தார். பொறியியலாளர் எனக்காகப் பெருநாளைக்குப் பிறகும் ஒரு கிழமை பொறுத்தார். பிறகு நான் புறப்பட்டேன். என்னை ஏற்றின வான் வெளிக்கிட்டபோது மதினிதான் அழுதார். நான் கல்முனைச் சந்தைக்குப் போய் வருவேன் என்று மகள் நினைத்திருக்க வேண்டும். பிஸ்கட் வாங்கிவரச் சொன்னாள்.

நான் போய் மூன்று கிழமையில் தூண் வந்தது. ஐந்து கிழமை வீம்பு பிடித்தவனுக்கு அந்தக் கணக்கைப் போடாமல் இருக்க முடியவில்லை.

லைன் கொடுத்த அன்று மனைவி வீடியோக் கோல் எடுத்தாள். நான் கட்டாரில் ஆறு பேர் படுக்கிற அறையில் கட்டிலின் ஓரத்தில் இருந்தேன். படம் கண்ணாடிபோல வந்தது. அவள் சட்டையில் இருந்த நூல்வேலைகூடத் தெரிந்தது. மகளைத் தூக்கிப் போனுக்கு முன்னால் வைத்து, "வாப்பாவோட கதைங்க மகள்," என்றாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டாம் தடவையும் கூப்பிட்டேன். அவள் வாயை இறுக்கிக்கொண்டு கதிரையிலிருந்து இறங்கினாள்.

"லைன் சரியில்ல போல," என்றாள் மனைவி.

லைன் நன்றாகத்தான் இருந்தது. மகள் கதவைத் தாண்டிப் போகும்வரை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.