விழாத சட்டவேலிகள்

பயத்தைப் போக்குகிறேன் என்று மைக்கோடு வருகிற ஆட்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. இதை நான் யாருக்கும் வாயால் சொன்னதில்லை. நாலு பேருக்கு முன்னால் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒட்டுசுட்டானில் வெல்டிங் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடி மூடியை முகத்துக்குப் போட்டுவிட்டால் யாரும் கதை கேட்க மாட்டார்கள். எழுதினால் மட்டும் கொஞ்சம் பேச்சு வருகிறது.

என் மகள் சட்டவேலி ஓட்டம் ஓடுகிறவள். வரிசையாக வைத்த பத்துத் தடைகளைத் தாண்டி நூறு மீற்றர் ஓட வேண்டும். முன்பெல்லாம் எங்கள் பள்ளிக்கூடத்தில் வேலிக் கதியால் தடிகளை நட்டுக் கயிறு கட்டித்தான் பிள்ளைகளைப் பழக்கினார்கள். அதைப் பார்த்து மனம் இரங்கி, வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் பத்துச் சட்டவேலிகள் அன்பளிப்புச் செய்ய முன்வந்தார். செய்கிற வேலை என்னிடம் வந்தது.

விளையாட்டுக்குப் பொறுப்பான சேர் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். நேர் முன்னால் நின்று எடுத்த படம். இரண்டு தூண், மேலே ஒரு சட்டம். கால் எப்படியென்று அதில் தெரியவில்லை.

"இப்பிடித்தான் அண்ணை. ஆனா நல்லாப் பாரமாச் செய்யுங்கோ. சோளகக் காத்து அடிச்சா எங்கட கிரவுண்டில கதிரையே பறக்கும், தெரியும்தானே."

அவர் கரப்பந்தாட்டக்காரர். மாகாணப் போட்டிகளுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறார், ஆனால் கரப்பந்து வலைக்கு அப்பால் அவர் கண் போனதில்லை. நானோ அதையும் கண்டவனில்லை. தண்ணீர்த் தாங்கிக்கு எப்படிக் கால் வைப்பேனோ, அப்படியே முன்னுக்கும் பின்னுக்குமாக இரண்டு பக்கமும் கால் நீட்டி, இரும்புக் குழாயில் இறுக்கி ஒட்டிக் கொடுத்தேன். கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சப்பட்டேன்.

கையளிப்புக்கு நாடா கட்டி வெட்டினார்கள். வந்தவர்களுக்கு மாலை, மாலை போட்டவர்களுக்கு நன்றியுரை. சட்டங்களில் அன்பளிப்புச் செய்தவரின் தாய் தகப்பனின் பெயர்களைச் சிவப்பில் எழுதியிருந்தார்கள். பழைய மாணவர் சங்கத் தலைவர் வேட்டியை மடித்துக்கொண்டு ஒன்றைத் தோளால் இடித்துக் காட்டினார்.

"யானை வந்து முட்டினாலும் விழாது!"

எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த எனக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் கைதட்டலை இன்றைக்கு நினைத்தால் காறித் துப்பவேண்டும் போலிருக்கிறது. தட்டினவர்கள்மேல் மட்டுமல்ல.

வலயப் போட்டிக்கும் அதே பத்தையும்தான் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மகளின் வயதுப் பிரிவில் இரண்டே பேர். மற்றப் பிள்ளை மூன்றாவது தடையில் நின்றுவிட்டது. என் மகள் முதலாவது. மாகாணப் போட்டிக்குத் தெரிவாகிவிட்டாள் என்று பள்ளிக்கூட வாசலில் பதாகை கட்டினார்கள்.

பதாகை கட்டி நாலாம் நாள், பயிற்சியில் நாலாவது சட்டத்தில் அவள் கால் மோதியது. சட்டம் அசையவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியப் பிளந்துவிட்டது. தையல் போட்டு, தையல் வெட்டி, திரும்ப மைதானத்துக்குப் போனவள் முதலாவது சட்டத்துக்கு முன்னால் வந்து நின்றாள். மறுநாளும் ஓடிவந்து நின்றாள். மாகாணப் போட்டிக்கு மூன்று கிழமை இருந்தது.

"பயந்தாங்கொள்ளி" என்றார் சேர். "பதாகையைக் கழட்டுறதே இப்ப?" என்று பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டாராம். வீட்டுக்கு வந்து சப்பாத்தை மூலைக்குள் எறிந்துவிட்டு, "நான் இனி ஓடேல்லை அப்பா. வேற யாரையும் ஓடச் சொல்லுங்கோ" என்றாள். ஐந்து வருஷமாக விடியக் காலை எழுப்பாமலே எழும்பி ஓடின பிள்ளை அவள்.

அதற்குத்தான் பள்ளிக்கூடம் ஒரு பயிற்சிக்காரரைக் கூப்பிட்டது. விளையாட்டுப் பிள்ளைகளுக்கு மனவுறுதிப் பயிற்சி, பெற்றோரும் வரவேண்டும். காதோடு ஒட்டின மைக், மடித்துவிட்ட கை, மூச்சுவிடாத பேச்சு. ஒவ்வொரு பிள்ளையும் தன் பயத்தை ஒரு பலூனில் எழுதி, ஊசியால் குத்தி உடைக்கவேண்டும். பிள்ளைகள் தோல்வி, கேலி, இருட்டு என்று எழுதினார்கள். ஒருத்தன் கணிதம் என்று எழுதினான். என் மகள் எழுதினது 'இரும்பு'.

அவர் அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். "தங்கச்சி, இரும்பு வெளியில இல்லை. அது உங்கட மனசுக்குள்ள இருக்கு!" பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "பெற்றோரே, இந்தப் பயத்தை ஊட்டினது ஆர்? நீங்கள்தான்!"

மண்டபம் முழுக்கப் பலூன் வெடித்தது. 'எனக்குப் பயமில்லை' என்று இருபது முறை கத்த வைத்தார். மகளும் கத்தினாள். மறுநாள் ஓடிவந்து, முதலாவது சட்டத்துக்கு முன்னால் நின்றாள்.

பேர் கொடுத்தாகிவிட்டது, வந்து ஒப்புக்காவது நில் என்று சேர் சொன்னதால் மாகாணப் போட்டி நடந்த வவுனியாவுக்கு அவள் போனாள். நானும் பஸ்ஸில் பின்னால் போனேன். மைதானத்தில் இரண்டு பேர் சட்டவேலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், கைக்கு ஒன்றாக. எனக்கு அதுவே விளங்கவில்லை. என்னுடையதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

முதலில் ஆண்பிள்ளைகள் ஓடினார்கள். ஒருவன் மூன்று சட்டத்தைத் தட்டினான். மூன்றும் படுத்தன. அவன் திரும்பியும் பார்க்காமல் ஓடிப்போனான். பார்த்தவர்கள் ஒருவரும் 'ஐயோ' என்று சொல்லவில்லை.

கயிற்றுக்குக் கீழால் குனிந்து உள்ளே போய் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். கால் ஒரு பக்கம்தான், பிள்ளை ஓடிவருகிற பக்கம் மட்டும். மறுபக்கம் ஒன்றுமில்லை. மேலே இருந்தது பலகை. இடித்தால் முன்னுக்குச் சரியும். இருபத்தைந்து வருஷம் இரும்போடு கிடக்கிறவனுக்கு இதை விளங்க ஒரு பார்வை போதும். கட்டாயம் விழவேண்டிய ஒன்றை விழாமல் செய்து, நான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் காலுக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

"ஐயா, வெளியில போங்கோ!" என்று யாரோ விசில் ஊதினார்கள். நான் மகள் நின்ற இடத்துக்குப் போனேன்.

"பிள்ளை, இஞ்ச வா."

"என்னப்பா? சேர் ஏசப்போறார்."

"அது விழும்."

"எது?"

"அந்தச் சட்டம். கால் பட்டா விழும். விழுறதுக்குத்தான் செய்திருக்கு."

"அப்ப எங்கட பள்ளிக்கூடத்தில இருக்கிறது?"

"அது நான் பிழையாச் செய்தது."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஓரத்தில் மேலதிகமாக வைத்திருந்த ஒன்றிடம் போய்க் காலால் மெல்லத் தட்டினாள். அது பொத்தென்று விழுந்தது.

"சீ" என்றாள். அது சட்டத்துக்குச் சொன்னதில்லை.

அவள் ஓடினாள். முதலாவதில் நிற்கவில்லை. நாலாவதையும் ஏழாவதையும் தட்டினாள், இரண்டும் விழுந்தன. எட்டுப் பேரில் ஆறாவதாக வந்தாள். காலில் கீறல்கூட இல்லை.

அடுத்த நாளே அந்தப் பயிற்சிக்காரர் அவளுடைய படத்தை முகநூலில் போட்டார், தன்னுடைய பயிற்சியால் பயத்தை வென்ற மாணவி என்று. கீழே ஊரே வாழ்த்தியிருந்தது. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் பள்ளிக்கூட அதிபர் அவளை மேடைக்கு ஏற்றி, பயத்தை எப்படி வென்றாய் என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னார்.

"நான் ஒண்டையும் வெல்லேல்லை சேர். அங்க இருக்கிறது தட்டினா விழும். எங்கடதுதான் விழாது."

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் அதிபர் மைக்கை வாங்கிவிட்டாராம். வரிசையில் நின்ற ஒருத்தி, "யானை வந்தாலும் விழாது!" என்று கத்தினாளாம்.

நான் இரும்பு வெட்டுகிற கிறைண்டரோடு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன். விளையாட்டுச் சேர் ஓடிவந்தார். "அண்ணை, அன்பளிப்புச் சாமான். சங்கத்தைக் கேக்காமல் வெட்டேலாது."

படித்த ஒரு மனிதருக்கு நான் கூச்சத்தால் அல்லாமல், வேண்டுமென்றே பதில் சொல்லாமல் விட்டது என் வாழ்க்கையில் அன்றுதான் முதல் தடவை. பத்திலும், பிள்ளை ஓடிவருகிற பக்கத்துக்கு மறுபக்கக் கால்களை வெட்டினேன். மேல் குழாய்களைக் கழற்றிவிட்டுப் பலகை பூட்டினேன். பெயர் எழுதின பத்துக் குழாய்களும் அதிபரின் அறைச் சுவரில் சாத்திக் கிடக்கின்றன. அவற்றைப் பத்திரப்படுத்துவது பற்றிப் பேசச் சங்கம் இரண்டு தரம் கூடியிருக்கிறது. பிள்ளையின் காலைப் பற்றிப் பேச ஒரு தரமும் கூடவில்லை.

மகள் இப்போது ஓடுகிறாள். ஓடுவதற்கு முன் பத்துச் சட்டத்தையும் ஒவ்வொன்றாக உள்ளங்கையால் தள்ளி விழுத்தி, திரும்ப நிமிர்த்தி வைக்கிறாள். "இன்னும் பயம் போகேல்லையே?" என்று சேர் நக்கல் அடிப்பார். அவள் அடுத்ததைத் தள்ளப் போய்விடுவாள்.

போன கிழமை ஒன்றை மெல்லத் தள்ளினபோது அது ஆடிவிட்டுத் திரும்ப நிமிர்ந்து நின்றதாம். தோழி ஒருத்தியோடு அதைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தாள். வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருக்க, எனக்கு முன்னால் வைத்தாள்.

"அப்பா, இது விழேல்லை."

மறுபக்கம் கால் வெட்டின இடத்தில் இரண்டு அங்குலத் துண்டு மிச்சம் இருந்தது. நான் கண்ணாடி மூடியைத் தேடினேன்.