அத்தையின் குழிக்குச்சி

எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால் ஓடும். தராசு வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் இரவல் வாங்க வேண்டும். ஒழுங்காக அளக்கிற சாமான் என்று வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அத்தையின் மூங்கில் குச்சி. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அது என் மார்பு உயரம் இருக்கும். அரிசி டிரம்முக்குப் பின்னால் சாத்தி வைத்திருப்பாள். அதை எடுத்து விளையாடினால் கை இருக்காது என்பது அத்தை போட்டிருந்த சட்டம்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து இரண்டே வருடத்தில் திரும்பி வந்துவிட்டவள். ஏன் வந்தாள் என்று யாரும் சொன்னதில்லை, எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. பெரியபாளையம் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. பட்டா அப்பா, அத்தை இரண்டு பேர் பெயரிலும். அப்பாவுக்கு கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை, ஷிப்டு மாறி மாறி வரும். நிலத்தோடு அவருக்கிருந்த சம்பந்தம், அத்தை வேகவைத்துத் தரும் வேர்க்கடலையை ஒரு கிண்ணம் தின்பது. மற்றதெல்லாம் அத்தைதான்.

ஆடி முதல் தேதி காலையில் அத்தை கடப்பாரையையும் குச்சியையும் தூக்கிக்கொண்டு நிலத்தின் கிழக்கு மூலைக்குப் போவாள். வருடா வருடம் அதே மூலை. ஈர மண் தட்டுப்படும் வரை குழி தோண்டுவாள். பிறகு ஒரு பிடி மண்ணை அள்ளி உருண்டை பிடித்து, தலைக்கு மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பாள். உடையாமல் கைக்கு வந்தால்தான் அது ஈரம். உடைந்தால் இன்னும் தோண்டுவாள். கடைசியில் குச்சியைக் குழிக்குள் இறக்கி, மேல்மண் எந்த இடத்தில் வருகிறதோ அங்கே கட்டைவிரலை வைத்துக்கொண்டு, கத்தியால் ஒரு வெட்டு. அந்த வருடத்துக்கு அவ்வளவுதான்.

அந்தக் குச்சியில் பழைய வெட்டுகள் எல்லாம் கீழ் நுனியிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாணிலேயே நெருக்கமாக இருந்தன. புதியவை வர வர மேலே ஏறிக்கொண்டு போயின. குச்சியில் மேலே ஏறினால் மண்ணில் ஈரம் கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒரேயடியாகவும் இறங்கவில்லை. நல்ல மழை பெய்த வருடம் கொஞ்சம் திரும்பி வரும், அடுத்த இரண்டு வருடம் இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். தொலைக்காட்சியில் வறட்சி என்று அறிவிப்பதற்குப் பல மாதங்கள் முன்பே அத்தை கத்தியால் அறிவித்திருப்பாள். அவளை யாரும் பேட்டி எடுக்க வரவில்லை.

எனக்கு ஒன்பது வயதான வருடம் சேம்பர்காரர் வந்தார். எங்கள் பக்கத்தில் செங்கல் சூளைக்குப் பெயர் சேம்பர். நிலத்தின் மேல்மண்ணை மூன்றடி ஆழத்துக்கு வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ச் செங்கல் அறுப்பார்கள். பக்கத்து நிலங்கள் ஏற்கெனவே போயிருந்தன. எங்களுடையதும் போக அத்தையின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அப்பா கெட்டவர் இல்லை. மூன்று வருடமாக வெயிலில் அத்தை காய்வதைப் பார்த்துச் சலித்துப் போயிருந்தார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"இன்னாக்கா, போட்ட வெத கூட திரும்பல. அந்த மண்ண வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற? ஈரம் இருந்தாத்தான அது நெலம்?"

"ஈரம் இல்லன்னு உனுக்கு யார் சொன்னது? நீ குனிஞ்சி பாத்தியா?"

"பேஜாரு பண்ணாதக்கா."

அத்தை குழம்பை இறக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்: "ஆடி மொத தேதி குழி தோண்டுவேன். அந்த சேம்பர்காரரையும் வரச் சொல்லு. ஒரு மொழத்துக்குள்ள ஈரம் வந்துச்சின்னா வேர்க்கடலை போடுவேன், யாரும் வாயத் தொறக்கக் கூடாது. வரலன்னா அங்கியே கையெழுத்துப் போட்டுடறேன்."

நான் வீட்டுப்பாடம் எழுதுகிற பாவனையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தை தோற்றுவிடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போன வருடத்து வெட்டே ஒரு முழத்தைத் தாண்டி எங்கேயோ இருந்தது. அதற்குப் பிறகு மழையென்று பெய்ததும் இல்லை. நிலம் போனால் அத்தை என்ன செய்வாள் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. நிலம் இல்லாத அத்தையை எனக்கு நினைத்துப் பார்க்கவே வரவில்லை. அழுகை வந்தது. அழுது முடித்ததும் மூளை வேலை செய்தது.

பக்கத்து நிலத்தில் வெட்டாமல் மிச்சமிருந்த மூலையில் ஒரு பம்புசெட்டுத் தொட்டி இருந்தது. ஆடிக்கு நான்கு நாள் இருக்கும்போது தொடங்கி, தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், சின்ன பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் மொண்டு கிழக்கு மூலையில் ஊற்றினேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குடம். பூமி அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னும் கொடு என்பது மாதிரி கிடந்தது. ஊற்றி முடித்ததும் ஈரம் தெரியாதபடி சுற்றியிருந்த புழுதியை அள்ளி மேலே தூவிவிடுவேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. ஆடி முதல் தேதி விடிந்ததும் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றிவிட்டு ஓடி வந்தேன்.

சேம்பர்காரர் பைக்கை வரப்பில் நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் கவரில் போட்ட காகிதங்களோடு நின்றார். சாலையில் பெரியபாளையத்து அம்மனுக்குப் போகிற வேன்கள் வேப்பிலை கட்டிக்கொண்டு பாட்டுப் போட்டபடி போயின. அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையை ஓங்கிப் போட்டாள். வழக்கமாக ணங்கென்று கேட்கும். அன்றைக்குச் சொதக்கென்றது.

"தோ, வந்துடுச்சே!" என்றார் அப்பா.

சேம்பர்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, ஊரே காஞ்சி கெடக்குது, உங்க நெலத்துல மட்டும் ஊத்து கீதா?"

அத்தை மண்ணை உருட்டித் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். எலுமிச்சம்பழம் மாதிரி முழுசாகக் கைக்கு வந்தது. நான் கை தட்டாமல் இருக்க இரண்டு கையையும் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். அப்பா சிரித்தபடி, "சரிக்கா, நீ ஜெயிச்சிட்ட. ஊட்டுக்குப் போலாம் வா" என்றார். தோற்றவருக்கு அவ்வளவு சந்தோஷம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அத்தை எழுந்திருக்கவில்லை. குச்சியைக் குழிக்குள் இறக்கி எதையோ பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தோண்டினாள். முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். விரல் இடுக்கில் அது மாவு மாதிரி கொட்டியது. தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள், சேம்பர்காரரைப் பார்த்தாள். பிறகு அவள் கண் என் கால்களுக்கு வந்து அங்கேயே நின்றது. ஊரில் ஒரு சொட்டுச் சேறு இல்லாத மாதத்தில் என் கால் விரல்களுக்கிடையில் சேறு இருந்தது.

செத்தேன் என்று நினைத்தேன். அத்தை என் காலிலிருந்து கண்ணை எடுத்தாள். அப்பாவிடம்தான் சொன்னாள்: "இது கணக்குல வராது. மேல ஈரம், கீழ புழுதி. நெலத்து ஈரம் இப்பிடி இருக்காது. இந்தக் குழிக்கு யாரோ பாடம் சொல்லிக் குடுத்துகிறாங்க."

"யாரு குடுத்தா இன்னா? ஒரு மொழத்துக்குள்ள வந்துச்சா இல்லியா? நானே தோத்துட்டேங்கறேன், வுடுக்கா."

"நீ கம்முனு இரு" என்றாள் அத்தை. பத்தடி தள்ளிப் போய் மறுபடியும் கடப்பாரையை ஓங்கினாள். இந்தத் தடவை ணங்கென்றது.

ஒரு முழம் போயிற்று. புழுதி. ஒன்றரை முழம். அதே புழுதிதான், கொஞ்சம் நிறம் மாறியிருந்தது. அப்பா கடப்பாரைக்குக் கை நீட்டினார், அவள் தரவில்லை. குழியை அகலப்படுத்தி, கவிழ்ந்து படுத்து, மண்ணைக் கையால் வாரி வெளியே போட்டாள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இரண்டு முழத்துக்கும் கீழே ஒரு வழியாகக் கரிய மண் வந்தது. உருட்டித் தூக்கிப் போட்டாள். விளிம்பில் கொஞ்சம் உதிர்ந்தது, ஆனால் உடையவில்லை. குச்சியை இறக்கினால் பிடிப்பதற்கு நான்கு விரல் அகலம்தான் மிச்சமிருந்தது.

அத்தை கையைப் புடவையில் தட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். முகம், மூக்கு, புருவம் எல்லாம் புழுதி. "ஈரம் இருக்குது. ஆனா நான் சொன்ன எடத்துல இல்ல. எடு காயிதத்த" என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நாற்பத்தெட்டுக் குடம், காலையில் இரண்டு, ஆக ஐம்பது குடம் சுமந்து நான் வாங்கிக் கொடுத்த வெற்றியை இப்படியா ஒருத்தி தூக்கிப் போடுவாள்? சேம்பர்காரர் காகிதத்தை உருவினார். சட்டைப் பையிலிருந்து பேனாவும் வந்தது. அத்தை கை நீட்டினாள்.

அப்போது அப்பா, "இப்ப வேணாம். ராகு காலம்" என்றார்.

ராகு காலத்தில் பெண் பார்க்கப் போய் என் அம்மாவைக் கட்டிக்கொண்டவர் அவர். காலண்டரில் அந்தப் பெட்டியைப் பார்க்கிறவர்களைக் கிண்டல் செய்தே காலம் ஓட்டியவர். சேம்பர்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அது முடிஞ்சி எம்மா நேரம் ஆவுது நைனா!"

"எங்க நெலத்துல இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டு அப்பா கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

சேம்பர்காரர் ஆவணியில் வந்தார், அப்பாவுக்கு நைட் ஷிப்டு. புரட்டாசியில் வந்தார், அப்பாவுக்குக் காய்ச்சல். பிறகு வரவில்லை. நிலம் ராகு காலத்தால் தப்பியது என்றே நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று மதியம் அத்தை வாசலில் உட்கார்ந்து குச்சியில் வெட்டுப் போட்டாள். வழக்கம்போல முன்பக்கம், உச்சியை ஒட்டி ஒன்று. பிறகு குச்சியைத் திருப்பி, பின்பக்கத்தில், நுனியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இன்னொன்று. அது என் குற்றத்துக்குப் போட்ட அடையாளம் என்று புரிந்துகொண்டேன், பள்ளிக்கூடத்தில் சிவப்பு மையில் போடுவார்களே, அந்த மாதிரி. அத்தை எழுந்து எனக்குச் சோறு போட்டாள். அதற்குப் பிறகு பல வருடம் அந்தக் குச்சியின் பின்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு போகியில் அதை நெருப்பில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். தைரியம் வரவில்லை.

அந்த வருடம் அத்தை வேர்க்கடலை போடவில்லை. சொன்ன சொல்லில் அதையாவது காப்பாற்ற வேண்டும் என்றாள். தாமதமாக வந்த மழையில் எள் விதைத்தாள். நிலம் இன்னும் இருக்கிறது. சுற்றிலும் வெட்டிப்போட்ட பள்ளங்களுக்கு நடுவே மேடாக நிற்கிறது. நான் புதுவாயல் தாண்டி ஒரு கம்பெனியில், செய்த உதிரிபாகங்களை அளந்து எழுதுகிற வேலையில் இருக்கிறேன். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சரியென்று எழுதிவிடும்படி யாராவது சொல்லும்போது, புழுதி முகத்தோடு கை நீட்டி நின்ற அத்தை நினைவுக்கு வருவாள். அவளைப்போல இன்னொரு ஆளை நான் பார்த்ததில்லை.

போன ஆடியில் நான் ஊரில் இருந்தேன். வேளாண்மை ஆபீசிலிருந்து ஒரு பெண், மண்ணில் குத்தி ஈரம் பார்க்கிற கருவியோடு வந்திருந்தாள். அத்தையின் குச்சியைப் பார்த்ததும் கருவியை ஓரமாக வைத்துவிட்டாள். ஒவ்வொரு வெட்டாகத் தொட்டுத் தொட்டு எந்த வருடம் என்று கேட்டாள், அத்தை சொன்னாள். போட்டோ எடுக்கக் குச்சியைத் திருப்பியவள், "இது இன்னாம்மா, பின்னால ஒண்ணே ஒண்ணு தனியா இருக்குது?" என்றாள்.

எனக்கு மறுபடியும் ஒன்பது வயதாகிவிட்டது, கால் விரல்களை மடக்கிக்கொண்டேன்.

அத்தை அந்த வெட்டைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். "அதுவா? அது எங்க பாப்பா ஊத்துன மழ. ஒரு சாண் எறங்கி இருந்துச்சி."