ஏழே கால் கிலோவும் கம்ப்யூட்டர் வகுப்பும்

குழந்தை குடித்த பால் எந்த நிமிடத்தில் குழந்தையின் எடையாகிறது? வயிற்றில் இறங்கியதுமா, செரித்த பிறகா? எனக்கு இன்னும் தெரியவில்லை. இத்தனைக்கும் நான் பி.எஸ்ஸி. படித்தவள்.

தர்மபுரியில் புதிதாகக் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கினார்கள். ஏழு மாதக் குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறிப் போய்வர மாமனாரிடம் அனுமதி கேட்டேன். அவர் தக்காளி விவசாயி. தராசு சொல்வதை மட்டும் நம்புவார். ஞாயிறுதோறும் பேத்தியை மண்டியில் எடை போடுவது, எடை குறைந்தால் வகுப்பை நிறுத்துவது என்று சொல்லிவிட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முதல் ஞாயிறு அவரே எடை போட்டார். ஏழே கால் கிலோ.

அந்த வாரம் வகுப்பில் பேசிக் மொழியின் ‘இஃப்’ வரியை நடத்தினார்கள். இப்படி இருந்தால் இதைச் செய் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் வரி அது. எங்கள் ஏழு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர் என்பதால் முதலில் நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். மற்றவர்கள் பரீட்சை மார்க்கை வைத்து எழுதினார்கள். நான், இந்த வார எடை போன வாரத்தைவிடக் குறைந்தால் வகுப்பை நிறுத்து என்று எழுதினேன்.

ஆசிரியர் படித்துவிட்டு, "ரெண்டும் சமமா இருந்தா என்னங்க பண்றது?" என்று கேட்டார்.

அதை மாமனாரிடம் கேட்க நான் துணியவில்லை.

ஞாயிறு புறப்படும் முன் குழந்தைக்கு வயிறு முட்டப் பால் கொடுத்தேன். பசிக்குத்தான் கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டேன். மண்டியில் அன்று கூட்டம். தக்காளிக் கூடையில் துணி விரித்து அவளை உட்காரவைத்தோம். மண்டி ஆள் கூடையின் எடையைக் கழித்துவிட்டு, "ஆறே கால்" என்று கூவினார்.

மாமனார் தராசு முள்ளை உற்றுப் பார்த்தார். அழுகல், ஈரம் என்று சொல்லிக் கூடைக்கு ஒரு கிலோ கழிவு பிடிப்பது அந்த மண்டி வழக்கம். அதற்காகப் பல வருடமாக மல்லுக்கு நிற்பவர் அவர்.

"எம் பேத்தியில என்னாய்யா கழிவு?"

"கைப்பழக்கமுங்க" என்ற அந்த ஆள், கூடைக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "ஆனா ஈரமாத்தான் இருக்குதுங்க" என்றார்.

அரை மணி நேரம் சண்டை. மற்ற விவசாயிகளும் தங்கள் பழைய கழிவுக் கணக்கையெல்லாம் எடுத்தார்கள். குழந்தை தராசிலேயே உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்த ஒரு கிலோவைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஏழே கால். போன வாரம் இருந்த அதே எடைதான்.

ஜெயித்த சந்தோஷத்தில் மாமனார், "கொறையலம்மா. நீ கிளாசுக்குப் போ" என்றார்.

போய்க்கொண்டிருக்கிறேன். சில வாரம் எடை ஏறாமல் இருப்பது சகஜம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனாலும் பஸ்ஸில் உட்கார்ந்தால் அன்று கொடுத்த பால்தான் நினைவுக்கு வருகிறது. இன்னும் ஆறு வாரம் வகுப்பு இருக்கிறது. பால் கொடுத்து எடை போட்டதை மாமனாரிடம் இப்போதே சொல்லிவிடவா, படித்து முடித்த பிறகு சொல்லவா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது தயவுசெய்து எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.