தலையணைக்கடியில் ஷூ

ஓட்டல் அறைகளில் படுக்கை விரித்தே கைரேகை தேய்ந்தவள் அவள். ஓய்வு பெற்ற மறுவாரமே, வீடில்லாதவர்களுக்கான விடுதியில் சம்பளமில்லாத வேலைக்குப் போய் நின்றாள்.

"இனியாவது காலை நீட்டி உக்காரேம்மா," என்றாள் மகள்.

"உக்காந்தா உன் அலமாரியத்தான் அடுக்குவேன். பரவால்லியா?"

மகள் போய் அலமாரியைப் பூட்டினாள்.

பழைய கிடங்கு ஒன்றை யாரோ நாலு நல்ல மனிதர்கள் சேர்ந்து விடுதியாக்கியிருந்தார்கள். குளிக்க வெந்நீர், சூடாகச் சாப்பாடு, தனிக்கட்டில். அடையாள அட்டை வாங்கித் தருவது முதல் வேலை தேடித் தருவது வரை பொறுப்பாளரம்மாவே அலைவார். ஒரே ஒரு கண்டிப்பு: விளக்குப் போடும் நேரத்துக்குள் வராவிட்டால் அந்தக் கட்டில் வாசலில் காத்திருக்கும் அடுத்தவருக்கு.

இவள் விரித்த விரிப்பில் எறும்பு ஊர்ந்தால் வழுக்கும். நுனியை மெத்தைக்கடியில் அப்படி இறுக்கிச் செருகுவாள். அங்கிருந்தவர்கள் 'மடிப்பக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆனால் ராத்திரி அந்த நுனிகளை உருவிப் போட்டுத்தான் படுத்தார்கள். ஏன் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலை, அங்கிருந்த பெயின்டர் ஒருவர் குளிக்கப் போயிருந்தார். நெடுநாள் நடைபாதையில் கிடந்துவிட்டு அந்த வாரம்தான் உள்ளே வந்த ஆள். பொறுப்பாளரம்மா ஒரு மேஸ்திரியிடம் பேசி வைத்திருந்தார். மறுநாள் காலை மேஸ்திரி விடுதி வாசலுக்கே வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. மடிப்பக்கா விரிப்பு மாற்ற அவர் தலையணையைத் தூக்கினாள். அடியில் ஒரு ஜோடி ஷூ. நாற்றம் ஆளைத் தள்ளியது. 'தலை வைக்கிற இடத்துலயா இத வைப்பாங்க!' என்று எடுத்துப்போய்த் தேய்த்துக் கழுவி, மொட்டைமாடியில் வெயிலில் வைத்தாள்.

இறங்கி வந்தபோது பெயின்டரைக் காணோம். சமையல்காரர் கரண்டியும் கையுமாக நின்றார்.

"என்னம்மா பண்ணீங்க? 'இங்கயும் திருட்டுப் பசங்கதானா'ன்னு கத்திட்டு வெறுங்காலோட போயிட்டான்!"

"ஐயோ, கழுவத்தாண்ணே எடுத்தேன்!"

"நீங்க வீட்ல தூங்குனவங்க. அவங்க தெருவுல செருப்பக் கழட்டி வச்சா காலைல இருக்காது. ராத்திரி எவனாவது விரட்டுறப்ப விரிப்பு காலைச் சுத்திக்கிட்டா எந்திரிச்சு ஓட முடியாது. அதான் எல்லாத்தையும் உருவிப் போடுறாங்க."

நல்லது செய்யப் போய், ஒருவன் கட்டிலையும் வேலையையும் சேர்த்தல்லவா கெடுத்துவிட்டோம்! ஈர ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கடைத்தெரு, பேருந்து நிலையம் என்று சுற்றி, வெயில் தாழ்ந்த நேரத்தில் பெயின்ட் கடைப் படிக்கட்டில் ஆளைப் பிடித்தாள். காலில் சாக்குத் துண்டு கட்டியிருந்தார்.

"தம்பி, எடுத்தது நான்தான். கழுவறதுக்கு. உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தூங்குறப்பவே ரெண்டு தடவ கால்லருந்து உருவிட்டுப் போயிருக்கானுங்க. வெறுங்காலோட நின்னா எந்த மேஸ்திரி ஏணில ஏத்துவான்?"

அவள் ஷூவை நீட்டினாள். அவர் வாங்கி, உள்ளே மூக்கை வைத்துப் பார்த்தார்.

"நாத்தம் போயிடுச்சே! அதுக்கு பயந்துதான் கொஞ்ச நாளா எவனும் கிட்ட வராம இருந்தான். இனி தைரியமா திருடுவான்."

"வேணும்னா ரெண்டு நாள் நான் போட்டு நடந்து தரேன். எம் மகளக் கேட்டுப்பாரு, என் கால் நாத்தம் அதவிட மோசம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈர ஷூவையே மாட்டிக்கொண்டு, சளக் சளக்கென்று அவளுக்கு முன்னால் வேகமாக நடந்தார். வாசலில் பொறுப்பாளரம்மா விளக்கு சுவிட்சில் ஒரு கையும் இடுப்பில் மறு கையுமாக நின்றுகொண்டிருந்தார். அவர்கள் படியேறிய பிறகுதான் சுவிட்சைத் தட்டினார்.

அன்றிரவே கிழிந்த விரிப்பு ஒன்றை வெட்டி, இழுத்துக் கட்டும் நாடா வைத்து, மடிப்பக்கா ஒரு பை தைத்தாள். பெயின்டர் ஷூவை அதில் போட்டு, நாடாவை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, பையைத் தலையணைக்கடியில் தள்ளினார். காலையில் மேஸ்திரியின் வண்டி வந்தபோது ஷூ காலில் இருந்தது.

அவர் போனபின் அவள் விரிப்பைப் போட்டாள். நுனியைச் செருகாமல் தொங்கவிட்டாள். பார்க்கக் கண்றாவியாகத்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

"மடிப்பக்கா, எனக்கும் ஒரு பை," என்றது அங்கிருந்து ஒரு குரல். "நாடா மட்டும் கொஞ்சம் நீளமா வையுங்க. நான் புரண்டு படுக்குற ஆளு."