போர்த்துக்கீசியக்காரியாகிப்போன ஆர்ஃபா டட்டில்

எங்கள் ஊர்ப் பள்ளிக் குழுவின் தலைவர் ஹைரம் பிளாட்ஜெட்டுக்கு மூளை என்று ஒன்று இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. பஞ்சாலை முதலாளிக்கு மைத்துனர் என்பதைத் தவிர அவருக்கு வேறு தகுதி கிடையாது. மாசசூசெட்ஸில் அது போதும்.

ஆர்ஃபா டட்டிலும் நானும் ஒரே பள்ளியில் பாடம் நடத்தினோம். அவள் பையன்களோடு பெண்களுக்கும் அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தாள். மில்லில் நூல் சுற்றப் போகிறவளுக்கு அல்ஜீப்ரா எதற்கு என்று பிளாட்ஜெட் ஒரு நாள் அந்த வகுப்பை நிறுத்தினார். பையன்களுக்கு மட்டும் அது தொடர்ந்தது. பெண்களுக்கு அடுப்பு வாங்கிப் போட்டார்கள். மாவையும் பாலையும் கட்டி தட்டாமல் கிளறுவதுதான் பெண்ணின் குடிமைக் கடமையாம். அந்த ஆளுக்கு எதிராக ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பாமல் விடுவதில்லை என்று ஆர்ஃபா அன்றைக்கே முடிவு செய்தாள். அந்த நாளில் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்குப் பெண்களான எங்களுக்கு அறிவு பத்தாதாம். ஆனால் பள்ளிக் குழுவுக்கு மட்டும் பெண்கள் ஓட்டுப் போடலாம் என்று பெரிய மனது பண்ணியிருந்தார்கள்.

இதற்கு நடுவில் அவள் காதலித்துத் தொலைத்தாள். குடியேறி வந்தவர்களுக்கு மாலையில் அவள் நடத்திய வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனுவேல் ஃபுர்ட்டாடோதான் ஆள். போர்த்துக்கல் நாட்டைச் சேர்ந்த அஸோர்ஸ் தீவுக்காரர், மில்லில் தறி பழுதுபார்ப்பவர். கல்யாணம் முடிந்த கையோடு வேலை போயிற்று. புருஷன் உள்ளவள் பாடம் நடத்தக்கூடாது என்பது குழுவின் விதி. அது தெரிந்தேதான் கட்டிக்கொண்டாள். தெரியாத சங்கதி ஒன்று டிசம்பர் தேர்தலுக்காகக் காத்திருந்தது.

ஓட்டுப் போடப் போனால் அவளுடைய பேரை அடித்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா லெமுவெல் அவளிடமே படித்தவன். தலையைச் சொறிந்தான்.

"டீச்சர், நீங்க இப்போ போர்த்துக்கீசியக்காரி."

"நான் பாஸ்டனையே தாண்டினதில்லடா."

"சட்டம் டீச்சர். புருஷன் எந்த நாடோ, பொண்டாட்டியும் அந்த நாடுதான்."

உண்மைதான். வெளிநாட்டானைக் கட்டிய அமெரிக்கப் பெண், ஊர் எல்லையைக்கூடத் தாண்டாமல் வெளிநாட்டுக்காரியாகிவிடுவாள். வெளிநாட்டுக்காரியைக் கட்டிய ஆணுக்கோ ஒரு குறைச்சலும் வராது. ஆர்ஃபாவின் பாட்டன் பூட்டன் அமெரிக்க விடுதலைக்காக பிரிட்டிஷ் பட்டாளத்தை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவர்கள். இந்தச் சட்டத்தை எழுதிய மேதைகளுக்கு அதைப் பற்றி என்ன கவலை?

அடுத்து நடந்தது எங்கள் ஊருக்கே உரிய கூத்து. அந்நிய நாட்டுப் பெண்களை அமெரிக்கர்களாக்க பிளாட்ஜெட் ஒரு திட்டம் போட்டு, வெளியூரிலிருந்து தன் தங்கை மகளை வரவழைத்து வீடு வீடாக அனுப்பினார். ஃபுர்ட்டாடோ என்ற பேரைப் பார்த்து அந்தப் பெண் ஆர்ஃபாவின் கதவையும் தட்டினாள். நானும் அங்கே இருந்தேன். கையில் ஒரு பானையோடு வந்தவள், காது கேளாதவரிடம் பேசுவது போலக் கத்தினாள்.

"இது, அவரைக்கொட்டை. அமெரிக்கச் சாப்பாடு. சனிக்கிழமை, நீ, சமைக்கணும்."

டட்டில் வீட்டில் நூறு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் வேகிற அவரைக்கொட்டை அது. ஆர்ஃபா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வெல்லப்பாகு எப்போ ஊத்தணும் கண்ணு?"

"அடடே, நல்லாப் பேசுறியே. எத்தனை மாசமா கத்துக்கிற?"

"முப்பத்தாறு வருஷமா."

அந்த மண்டுவுக்கு அப்போதும் உறைக்கவில்லை. பாராட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். உள்ளேயிருந்து மனுவேல் குரல் கொடுத்தார். "டீச்சர், அதைக் கொட்டிடாதீங்க. கீரை சூப்புல போட்டுக்கலாம்."

கல்யாணத்துக்குப் பிறகும் அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஆனால் ஆர்ஃபா சிரிக்கவில்லை. கதவை அறைந்து சாத்தினாள். இழந்ததைத் திரும்பப் பெற அவள் தானாக விண்ணப்பிக்க முடியாது. மனுவேல் குடிமகனானால் அவளும் கூடவே ஆகிவிடுவாள். வண்டி போனால் சக்கரமும் போகும் என்கிற கணக்கு.

"கவலைப்படாதீங்க டீச்சர், உங்க நாட்டை நான் வாங்கித் தர்றேன்" என்றார் மனுவேல்.

"என் நாட்டை எனக்கு வாங்கித் தர நீ யாருய்யா? உக்காரு. செனட்டுக்கு என்ன வேலை, சொல்லு."

இரண்டு குளிர்காலம் அந்தச் சமையலறை மேஜையில் மனுவேலை அவள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் குடியுரிமைப் பரீட்சைக்கு நீதிமன்றத்தில் அவர் முறை வந்தது. தன் திட்டத்தின் பலனைப் பார்க்க பிளாட்ஜெட் முன் வரிசையில் சின்னக் கொடி ஒன்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஆர்ஃபாவும் நானும் பின்னால் இருந்தோம். நீதிபதி கேட்டதற்கெல்லாம் மனுவேல் தடங்கலில்லாமல் பதில் சொன்னார். நீதிபதிக்கே ஆச்சரியம்.

"இவ்வளவு தெளிவா யாருய்யா சொல்லிக்குடுத்தது?"

பிளாட்ஜெட் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். மனுவேல் அவரைத் திரும்பியும் பார்க்காமல் பின் வரிசையில் இருந்த ஆர்ஃபாவைக் காட்டினார்.

"அதோ, அந்தப் போர்த்துக்கீசியப் பொம்பளைதாங்க ஐயா."

நீதிபதிக்கு ஒன்றும் புரியவில்லை. கையெழுத்துப் போட்டார். அந்தக் கணமே ஆர்ஃபா மறுபடியும் அமெரிக்கக்காரியானாள். அவளிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: "பறிச்சப்பவும் என்னைக் கேக்கல. குடுத்தப்பவும் கேக்கல."

மறுவாரம் ஓட்டுக்குப் பேர் பதியப் போனோம். மேஜைக்குப் பின்னால் அதே லெமுவெல்.

"குடியுரிமை எப்படி வந்துச்சுன்னு எழுதணும், டீச்சர்."

"எழுதிக்கோ. என்கிட்டப் படிச்ச ஒருத்தர் பரீட்சையில தேறினாரு. அதனால எனக்குக் கிடைச்சுது."

அவன் பேனாவை மையில் தோய்த்து, அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டான். அந்த டிசம்பரில் அவள் ஓட்டுப் போட்டாள். பிளாட்ஜெட்தான் ஜெயித்தார். எங்கள் ஊரின் லட்சணம் அது.