தம்பி மகனின் தலையளவு

சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும்.

புதுவாயலில் என் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். அவன் மகனும் என் மகளும் பத்து நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். குளிப்பாட்டிப் புகை காட்டும்போது அவன் மகன் உதைப்பான். சொம்பு உருளும். அப்பப்பா, என்ன கால்கள்! என் மகளின் கால்கள் வைத்த இடத்தில் வைத்தபடி கிடக்கும்.

முதுகெலும்பு மூடாமல், தண்டுவடம் வெளியே பிதுங்கிப் பிறந்தவள் அவள். தைத்து மூடினார்கள். பிறகு தலைக்குள் நீர் தேங்கியது. தோலுக்கடியில் ஒரு குழாய் இறக்கி, நீரை வயிற்றுக்குள் வடியவிட்டார்கள். "குழாய் அடைத்தால் தலை பெருக்கும். ஞாயிறுதோறும் அளந்து எழுதுங்கள்" என்றார் டாக்டர்.

அளந்தேன். சொல்லவே கூசுகிறது, தம்பி மகன் தூளியில் தூங்கும்போது அவன் தலையையும் அளந்தேன். அதுவும் கொஞ்சம் பெருக்காதா என்று. பெருக்கவில்லை. வாரத்துக்கு ஒரு நூல், மூன்று மில்லிமீட்டர், அவ்வளவுதான். அந்த ஒழுங்கைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிறு தம்பி மனைவி பார்த்துவிட்டாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சுவர் கேட்கும்படி தம்பியிடம் சொன்னாள்:

"வளர்ற புள்ளைய அளந்தா வளர்த்தி நின்னுடும், அது கூடவா தெர்யாது? உங்க அண்ணனுக்கு கொள்ளிக் கண்ணுய்யா. இனிமே புள்ளைய அந்தாண்ட வுட்ட, பாத்துக்க!"

தூளி உள்ளறைக்குப் போனது. பேச்சு நின்றது.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு காலை, மகள் பாலைக் கக்கிவிட்டுத் தூங்கிக்கொண்டேயிருந்தாள். அளந்தால், ஒரே வாரத்தில் இரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தது.

"துணி டேப்பு. நேத்து தண்ணில வுழுந்து சுருங்கிக்கிச்சி" என்றாள் என் மனைவி. இருவருக்குமே அதை நம்ப ஆசை.

கும்மிடிப்பூண்டிக் கம்பி ஆலையில் தடிமன் பார்ப்பது என் வேலை. கருவியில் சந்தேகம் வந்தால், அளவு தெரிந்த கம்பி ஒன்றை வைத்துச் சரிபார்ப்போம். எனக்கு அளவு தெரிந்த வேறு தலை ஒன்றுதான் இருந்தது.

தம்பி வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவள் என் கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள்.

"இன்னா மாமா, திரும்பவும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"டேப்பு சரியா தப்பான்னு தெர்யணும்மா. பாப்பா தலை..."

அவள் உள்ளே போய், மகனைத் தூக்கிவந்து மடியில் வைத்தாள். "சீக்கிரம் அளங்க."

அவன் தலையும் பெருத்திருக்க வேண்டும் என்று மறுபடி வேண்டினேன். இந்த முறை டேப் பொய்யாகிவிட்டால் போதும். சுற்றினேன். புருவத்துக்கு மேல், பிடரி மேட்டைச் சுற்றி. பழைய அளவு. கூடவே, இரண்டு வாரத்துக்கு இரண்டு நூல்.

டேப் சரி.

ஓடிவந்து பார்த்தேன். மகளின் உச்சிக்குழி புடைத்திருந்தது. கருவிழிகள் கீழே சரிந்திருந்தன. தம்பி ஆட்டோ கூட்டிவந்தான். நாங்கள் ஏறும்போது அவன் மகன் அம்மா இடுப்பில் உதைத்துக்கொண்டிருந்தான். அப்போதும் எரிந்தது, மறைப்பானேன்.

தம்பி மனைவி ஆட்டோவுக்குள் குனிந்தாள்.

"குழாய சரி பண்ணிக்கினு வாங்க மாமா. வந்து ரெண்டு தலையும் அளக்கணும். எம்புள்ளைய மட்டும் அளக்காம வுட்டீங்கன்னா பேஜாராயிடும், சொல்லிட்டேன்!"